பழகிவிடுமா பூச்சி மருந்து? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பன்னிரண்டு வருடமாகக் கூலிக்கு மருந்தடிக்கிறேன். வாயில் துண்டு கட்டிக்கொண்டுதான் அடிப்பேன். ஆனாலும் சாயங்காலமானால் தலைவலி, குமட்டல், சில நாள் கண் மங்கல். கூட இருப்பவர்கள் "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். நிஜமா?

பதில்: பழகாது. முதலில் அந்தத் துண்டு. ஆவியை அது நிறுத்தாது, நனைந்துவிட்டாலோ மருந்தை வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட மாதிரிதான். அதைவிடப் பெரிய சங்கதி, நாம் மூக்கை மட்டும் காவல் காக்கிறோம், மருந்தோ பெரும்பாலும் தோல் வழியாக உள்ளே போகிறது. எல்லா இடத்துத் தோலும் ஒன்றுபோல உறிஞ்சுவதில்லை. பாரதியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்துப் பல வருடங்களுக்கு முன் செய்த சோதனையில், முன்கையைவிட நெற்றி சுமார் 4 மடங்கும் விரைப்பை சுமார் 12 மடங்கும் உறிஞ்சின. முதுகில் தொட்டி, மூடி சரியாக இறுகவில்லை, குனிந்து நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி முதுகு வழியாக இடுப்புக்கு இறங்குகிறது, நீங்கள் வியர்வை என்று விட்டுவிடுகிறீர்கள். அது போய்ச் சேரும் இடம் எதுவென்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகளுக்குப் பொருந்துகின்றன. நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது, வேலை முடிந்ததும் அதைத் துடைத்தெடுப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. சேதி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எச்சில், வியர்வை, வாந்தி, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்பாவை, தசைத் துடிப்பு, கடைசியில் மூச்சுத் திணறல். கார்பமேட் என்றால் நொதி சீக்கிரம் மீண்டுவிடும். ஆர்கனோபாஸ்பேட்டில் ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் நொதி நாளுக்குச் சுமார் 1 சதவீதம்தான் திரும்ப வரும். வாரம் இரண்டு தடவை அடித்தால் போன தடவையின் பாக்கியே தீர்ந்திருக்காது. பழகிவிட்டது என்பவருக்கு அறிகுறி மட்டுப்பட்டிருக்கலாம், நொதி தேய்ந்துகொண்டேதான் இருக்கும், ஒருநாள் வழக்கமான அளவே ஆளைச் சாய்த்துவிடும்.

இந்த நொதியை ரத்தத்தில் அளக்கலாம். ஆனால் ஆளுக்கு ஆள் அளவு மாறும், அதனால் மருந்தடிக்காத மாதங்களில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால்தான் பிறகு எடுப்பதை ஒப்பிட முடியும். அப்புறம், வேலையில் ரொம்ப ஆபத்தானது தெளிப்பதைவிடக் கலக்குவது, ஏனென்றால் அப்போது கையில் இருப்பது தண்ணீர் சேராத மருந்து. அதற்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள். தோல் கையுறையும் துணிக் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கையில் தேய்க்கும். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள் என்று சொல்லவே வேண்டியதில்லை, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் வயலுக்கே போவதில்லை. கணவர் மருந்தடித்த உடுப்பைத் துவைப்பதோடு சரி. இப்போது மூன்று மாதம். எனக்கும் பாதிப்பு வருமா?

பதில்: வரலாம். கர்ப்பத்தில் அந்தத் துணியை நீங்கள் தொடாமல் இருப்பதே நல்லது, அவரே துவைக்கட்டும். வீட்டு வாசலுக்கு வெளியிலேயே கழற்றி, மற்ற துணியோடு சேர்க்காமல், கையுறையோடு, சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். கலக்காத மருந்து கொட்டி ஊறிய துணியைத் துவைக்கவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடச் சொல்லுங்கள். குளிக்காமல் பிள்ளைகளையும் அவர் தூக்கக் கூடாது.

கேள்வி: அடித்து முடித்ததும் பால் குடித்தால் விஷம் முறியுமாமே?

பதில்: முறியாது. தோல் வழியாக ரத்தத்துக்குப் போனதை வயிற்றில் இருக்கும் பால் என்ன செய்யும்? குடிக்கிற நேரத்தில் சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள்.

கேள்வி: இதனால் புற்றுநோய், மலட்டுத்தன்மை எல்லாம் வரும் என்பது பயமுறுத்தலா, உண்மையா?

பதில்: எல்லா மருந்துக்கும் ஒரே பதில் கிடையாது. 1977-ல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த ஆலையில், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லையே என்று தொழிலாளர்களே பேசிக்கொண்டதில் இருந்துதான் விஷயம் வெளியே வந்தது. பரிசோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. புற்றுநோய் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் மாலத்தியான், டயசினான் என்ற பூச்சிக்கொல்லிகளையும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியையும் 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் சேர்த்தது. கிளைபோசேட் பற்றி இன்னும் சண்டை ஓய்வதில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு இருப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. இதையெல்லாம் 'மருந்து' என்று கூப்பிட்டே நாம் பாதிப் பயத்தைத் தொலைத்துவிட்டோம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: பக்கத்தில் அடித்துக்கொண்டிருப்பவர் திடீரென்று விழுந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு அவரைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தி, நனைந்த உடுப்பை அகற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது பாட்டிலையோ, குறைந்தபட்சம் லேபிளைப் போட்டோ எடுத்தோ கொண்டுபோக வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின் என்ற முறிமருந்தை ஏற்றுவார்கள். பாராகுவாட் என்றால் முறிமருந்தே கிடையாது, மூச்சு முட்டுகிறதே என்று ஆக்சிஜன் கொடுப்பதுகூட நுரையீரலை இன்னும் கெடுக்கலாம், அதனால் டாக்டர் அங்கே வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.