மருந்து பில்லும் மெடிக்ளைமும்: வாசகர் கேள்வி – பதில்

ஆறு வருடமாக 5 லட்சம் ரூபாய்க்கு மெடிக்ளைம் பாலிசி வைத்திருக்கிறேன். எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாதம் 2,800 ரூபாய் மாத்திரைக்கே போகிறது. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டது என்று ஏஜென்ட் சொன்னார். பில்லை அனுப்பினால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஏன்? — வாசகர், கரூர்

ஏஜென்ட் சொன்னது சரிதான், ஆனால் அது வேறு விஷயம். காத்திருப்புக் காலம் முடிந்தால், சர்க்கரையால் காலில் புண் வந்தோ, பிரஷர் ஏறியோ நீங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க நேரும்போது, 'இது பழைய நோய்' என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. வீட்டில் இருந்தபடி மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அதனால் பணம் வராது. நம் நாட்டில் வழக்கமாக விற்கும் பாலிசிகள் உள்நோயாளியாகச் சேர்ந்து எடுக்கும் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டவை. குறைந்தது 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டும், அல்லது டயாலிசிஸ், கீமோ போல டே கேர் பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருக்க வேண்டும். மருந்துச் செலவு அதன் ஒரு பகுதியாக இருந்தால்தான் பணம் வரும்.

புற நோயாளிச் செலவுக்கென்று தனியாக ஓ.பி. கவர் சேர்த்துக்கொள்ளலாம். சேர்ப்பதற்கு முன் பிரீமியம் எவ்வளவு கூடுகிறது, வருடத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, அந்த வரம்புக்குள் மருந்துக்கு மட்டும் எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 10,000 ரூபாய் வரம்புக்கு 6,000 ரூபாய் கூடுதல் பிரீமியம் என்றால், உண்மையான ஆதாயம் 4,000 ரூபாய்தான். அதுவும் வரம்பு முழுவதையும் பயன்படுத்தினால். உங்கள் ஒரு வருட மருந்துச் செலவோ 33,600 ரூபாய்.

உங்கள் நிலையில் மருந்தின் விலையைக் குறைக்கிற வழிதான் கைகொடுக்கும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மூலப்பொருளின் பெயரை எழுதித்தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ காட்டுங்கள். மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்ற மாத்திரைகளில் விலை வித்தியாசத்தை முதல் பில்லிலேயே பார்ப்பீர்கள். மில்லிகிராம் அளவும், 'எஸ்.ஆர்.' போன்ற பின்னொட்டும் பழைய அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபார்த்து வாங்குங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரைக்குப் பதில் சாதாரண மாத்திரை வந்துவிட்டால் வேளைக் கணக்கே மாறிவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொண்டால் இந்த இரண்டு நோய்க்கும் மாத்திரை வீடு தேடியே வரும். காப்பீட்டு பாலிசி இருப்பது அதற்குத் தடை இல்லை.

அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது. கேஷ்லெஸ் சிக்கலில்லாமல் முடிந்தது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் மருந்துக்கும் பணம் உண்டு என்று பாலிசியில் இருந்ததால், இரண்டு மாத மாத்திரையை மொத்தமாக வாங்கி பில் கொடுத்தோம். பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். 'மருந்துச் சீட்டு ஆதாரமில்லை', 'தொடர்பில்லாத மருந்து', 'வைட்டமின் கிடையாது' என்று மூன்று காரணம் எழுதியிருக்கிறார்கள். — வாசகி, திண்டுக்கல்

மூன்றையும் ஒரே குறையாகப் பார்க்காதீர்கள். முதலாவதைத் திருத்த முடியும், இரண்டாவது பெரும்பாலும் நிற்கும், மூன்றாவதை எதிர்த்துக் கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே மருந்துப் பட்டியலில் டைகாக்ரிலர் 90 மி.கி., 1-0-1, 15 நாள், பிறகு மறுபரிசோதனை என்பது போல ஒரு வரி இருக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, 15 நாளைக்கு 30 மாத்திரை. நீங்கள் வாங்கியது 60 நாளைக்கு 120 மாத்திரை. க்ளைம் பார்ப்பவர் கையில் இருக்கும் ஒரே மருத்துவ ஆதாரம் அந்த 15 நாள் வரிதான், அதனால் 30 மாத்திரைக்குக் கணக்குப் போட்டுவிட்டு மீதி 90-ஐ அடித்துவிடுகிறார். அந்த மாத்திரையை அப்பா இன்னும் பல மாதம் சாப்பிட வேண்டியிருக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் சீட்டு கோப்பில் இல்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் எழுதிய ஓ.பி. சீட்டு இருந்தால் அதை இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். அது இல்லாவிட்டால், டிஸ்சார்ஜ் நாளிலிருந்து இத்தனை மாதத்துக்கு இந்த மாத்திரையை இந்த அளவில் தொடர வேண்டும் என்று இதய டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி, பதிவு எண்ணுடன் முத்திரை வாங்குங்கள். உண்மையில் அவர் சொன்ன சிகிச்சை அது என்பதால் எழுதித்தரத் தயங்க மாட்டார்.

இரண்டாவது காரணம் அநேகமாக உங்கள் அப்பாவின் பழைய சர்க்கரை மாத்திரையைப் பற்றியதாக இருக்கும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு எந்த நோய்க்காகச் சேர்ந்தாரோ அந்த நோய்க்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதே விதி. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் போட்ட இன்சுலினுக்குப் பணம் வந்திருக்கும், வீட்டுக்கு வந்தபின் வழக்கமான மெட்ஃபார்மினுக்கு வராது.

மூன்றாவதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். எல்லா பாலிசிகளிலும் உள்ள பொது விலக்குகளில் 14-வது, மருந்துச் சீட்டின்றி வாங்கக்கூடிய வைட்டமின், தாதுச்சத்து, ஊட்டப்பொருள் ஆகியவற்றை விலக்குகிறது. ஆனால் அதே வாக்கியம், உள்நோயாளி சிகிச்சை அல்லது டே கேர் க்ளைமின் பகுதியாக டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் விலக்கு பொருந்தாது என்றும் சொல்கிறது. வைட்டமின் மாத்திரை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியை அடிக்கோடிட்டு, விலக்கின் எண்ணையும் குறிப்பிட்டு எழுதுங்கள். கடைக்காரர் தானாகச் சேர்த்துக்கொடுத்த புரதப் பவுடராக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி வாங்கும்போது பில்லில் அப்பாவின் பெயர் இருக்க வேண்டும், உங்கள் பெயர் இருந்தால் போதாது. தேதி, டாக்டர் பெயர், பேட்ச் எண், கடையின் உரிம எண் இருக்க வேண்டும். செயலி வழியாக வாங்கினால் ஆர்டர் உறுதியான குறுஞ்செய்தியையோ பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டையோ ஏற்க மாட்டார்கள், வரி இன்வாய்ஸை இறக்கிக்கொள்ளுங்கள். 60-வது நாளில் மூன்று மாத மருந்தை வாங்கினால், அந்தத் தேதிக்குப் பிறகான நாட்களின் அளவைக் கழித்துவிடுவார்கள். கெடுவும் முக்கியம். எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் 60 நாளில் பிந்தைய சிகிச்சை முடிகிறது என்றால், முடிந்த 15 நாளுக்குள் பில்கள் போய்ச்சேர வேண்டும். மற்ற பாலிசிகளில் நாட்கள் மாறும், உங்கள் பாலிசி ஆவணத்தில் பார்த்து காலண்டரில் குறித்துவிடுங்கள்.

மனைவிக்குப் புற்றுநோய். ஊசி கீமோ இல்லை, வீட்டிலேயே சாப்பிடும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேரவே இல்லை. க்ளைம் கிடைக்குமா? — வாசகர், தஞ்சாவூர்

கேட்கத் தயங்காதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் வெளியிட்ட பொது நெறிமுறைகளில், பாலிசிகள் ஒதுக்கிவைக்கக் கூடாத 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. வாய்வழிக் கீமோதெரபி அவற்றில் ஒன்று. ஊசியாகப் போடும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி மருந்தும் அதே பட்டியலில் இருக்கிறது. 'படுக்கவில்லையே' என்று கவுன்ட்டரில் சொல்லி அனுப்பினால், பாலிசியில் 'நவீன சிகிச்சைகள்' என்ற தலைப்பைத் திறந்து காட்டுங்கள்.

சிக்கல் உள்வரம்பில் இருக்கிறது. இந்தச் சிகிச்சைகளுக்கு மட்டும் தனி உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஆரோக்கிய சஞ்சீவனியில் அது காப்பீட்டுத் தொகையில் பாதி. 5 லட்சம் பாலிசி என்றால் 2.5 லட்சம்தான். மாத்திரை மாதம் 40,000 ரூபாய் என்றால் ஏழாவது மாதத்தில் வரம்பு தீர்ந்துவிடும். அந்த பாலிசியில் ஒவ்வொரு க்ளைமிலும் 5 சதவீதம் உங்கள் பங்கு என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பாலிசி புதுப்பிக்கும் தேதியை டாக்டரிடம் சொல்லிவையுங்கள். வரம்பு புது வருடத்துக்குப் புதிதாகத் தொடங்கும், எக்காரணம் கொண்டும் புதுப்பித்தல் தவறக் கூடாது.

ஒவ்வொரு மாத க்ளைமோடும் பயாப்ஸி அறிக்கையின் நகல், கீமோ திட்டத்தை விளக்கும் டாக்டர் கடிதம், அந்த மாதச் சீட்டு, பில், காலி மாத்திரை அட்டையின் படம் ஆகியவற்றை வையுங்கள். அதிக விலை மருந்துகளில் பேட்ச் எண் தெரியும்படி அட்டையைக் கேட்கும் வழக்கம் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

4,000 ரூபாய் அறைக்குத் தகுதி. கிடைக்காததால் 8,000 ரூபாய் அறையில் இருந்தோம். மொத்த பில் 2 லட்சத்தில் பாதியைத்தான் தந்தார்கள். மருந்தின் விலை அறையைப் பொறுத்து மாறுமா? — வாசகர், கோவை

மாறாது. அதனால்தான் அதை அப்படிக் கழிக்கவும் கூடாது. தகுதிக்கு மேற்பட்ட அறையில் இருந்தால், அறை வாடகை மீறிய அதே விகிதத்தில் மற்ற செலவுகளையும் குறைக்கும் விகிதாசாரக் கழிவு உண்டு. ஆனால் மருந்து, நுகர்பொருள், ஸ்டென்ட் போன்ற உட்பொருத்திகள், மருத்துவச் சாதனங்கள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இவற்றுக்கு அந்தக் கழிவு செல்லாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-இலேயே சொல்லிவிட்டது.

உங்கள் பில்லைப் பிரித்துப் பாருங்கள். மருந்தும் பரிசோதனையும் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாதியாகக் குறைய வேண்டியது மீதி 1,20,000 மட்டுமே. வரவேண்டியது 80,000-உம் 60,000-உம் சேர்த்து 1,40,000. உங்களுக்கு வந்தது 1 லட்சம். நாற்பதாயிரம் ரூபாய்க்கு உரிமை இருக்கிறது. அதிலிருந்து கையுறை, முகக்கவசம், டயாப்பர், நெபுலைசர் கிட் போன்ற 68 பொருட்களின் பட்டியல் கழியும், அதைக் கேட்டு வாதாடுவதில் பயனில்லை.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இந்தக் கணக்கோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள, காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுப்பார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

மில்லில் வேலை. சம்பளம் 19,500. இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு அது உதவுமா? தனியாக மெடிக்ளைம் எடுக்கச் சொல்கிறார்கள். — வாசகி, திருப்பூர்

உதவும், மெடிக்ளைம் தராததை இது தரும். உங்களைச் சார்ந்திருக்கும் அம்மா உங்கள் இ.எஸ்.ஐ. பதிவில் சேர்க்கப்பட்டிருந்தால், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். படுக்க வேண்டியதில்லை, தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டுகிறது.

அம்மாவின் பெயர், ஆதார், புகைப்படம் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று நிர்வாக அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். பிடித்தம் மட்டும் வருடக்கணக்கில் நடந்து, குடும்பத்தினர் பெயர் ஏறாமலே இருப்பது இங்கே அடிக்கடி நடக்கிற தவறு. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அன்றே நின்றுவிடும் என்று பயப்படவும் வேண்டாம். ஏப்ரல் – செப்டம்பர், அக்டோபர் – மார்ச் என்று சந்தா காலம் இரண்டு. நடுவில் சம்பளம் உயர்ந்தாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும், சிகிச்சையும் தொடரும். தனி மெடிக்ளைமை அந்த உயர்வு கண்ணில் படும்போது எடுத்தால், முந்தைய நோய்க்கான காத்திருப்பு அன்றுதான் தொடங்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் அந்தக் காத்திருப்பு மூன்று வருடம்வரை நீளலாம். கையில் மிச்சம் இருந்தால் சிறிய தொகைக்காவது இப்போதே தொடங்கிவையுங்கள், விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள்.