கர்ப்பத்தில் மலேரியா: கேட்டவர்களுக்குப் பதில்

தேன்மொழி: மலேரியா யாருக்கும் வரலாம். கர்ப்பிணி என்றால் மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

நஞ்சுக்கொடிதான் காரணம். மலேரியாக் கிருமிகளில் கொடிய வகையான ஃபால்சிபாரம் புகுந்த சிவப்பணுவின் மேல் ஒரு புரதம் முளைத்து, நஞ்சுக்கொடியின் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட நஞ்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். தாயின் ரத்தம் ஓடவேண்டிய இடைவெளி முழுக்கக் கிருமியேறிய அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும். நடுநடுவே கரும்பழுப்பாகத் துகள்கள். குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால்தான் எடை 2.5 கிலோவுக்குக் கீழே இறங்குகிறது. குறைப்பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறப்பது, தாய்க்குக் கடும் ரத்தசோகை எல்லாம் நடக்கின்றன.

மலேரியா எப்போதும் இருக்கும் பகுதிகளில் முதல் பிரசவத்துக்குத்தான் ஆபத்து அதிகம். அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் சேர்கிறது. அங்கே தாய்க்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். மலேரியா அரிதான இடத்திலோ எத்தனையாவது பிரசவம் என்றாலும் நோய் சட்டென்று முற்றிவிடும்.

முருகேசன்: மனைவிக்குக் காய்ச்சல். சோதனையில் மலேரியா இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?

இன்னும் இல்லை. கிருமி நஞ்சுக்கொடியில் ஒளிந்திருந்தால் விரலில் எடுத்த ரத்தத்தில் தெரியாமல் போகலாம். காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி சோதியுங்கள். ஒரு சோதனையில் இல்லை என்பதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

கவிதா: மிச்சமிருக்கும் மலேரியா மாத்திரையை நானே போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. எந்தக் கிருமி, எத்தனையாவது மாதம் என்று தெரியாமல் மாத்திரை வேண்டாம்.

சரவணன்: முதல் மூன்று மாதத்தில் ஆர்ட்டிமிசினின் வகை மலேரியா மருந்து தரவே கூடாது, குயினின் மருந்துதான் என்று படித்தேன்.

நெடுநாள் அப்படித்தான் இருந்தது. விலங்குச் சோதனைகளில் கருவுக்குப் பாதிப்பு தெரிந்ததால் வந்த எச்சரிக்கை அது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றிவிட்டது: சிக்கலில்லாத ஃபால்சிபாரத்துக்கு முதல் மூன்று மாதத்திலும் ஆர்ட்டிமிசினின் வகைக் கூட்டு மருந்தான ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் தரலாம்.

சரவணன்: விலங்குகளில் பாதித்தது என்றால் ஏன் துணிய வேண்டும்?

நியாயமான கேள்வி. கர்ப்பம் தெரியாமலேயே இந்த மருந்தை எடுத்துக்கொண்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குயினின் எடுத்தவர்களைவிடக் கருச்சிதைவோ பிறவிக் குறையோ கூடவில்லை. குயினினும் சாதாரணமானதல்ல: ஏழு நாள், தினம் மூன்று வேளை; காது இரையும், குமட்டும், சர்க்கரை இறங்கும். பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் மூன்றே நாள், மொத்தம் ஆறு வேளை. நோய் கடுமையானால் எந்த மாதமானாலும் ஆர்ட்டிமிசினின் வகையான ஆர்ட்டிசுனேட் ஊசிதான், அதில் தயக்கமே வேண்டாம். அரைகுறையாகக் குணமான மலேரியாதான் கருவுக்குப் பெரிய ஆபத்து.

ஜெயந்தி: மலேரியாவின் இன்னொரு வகையான வைவாக்ஸ் திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தடுக்கும் ப்ரைமாகுயின் மாத்திரை போடலாமா?

கர்ப்பத்தில் கூடாது. வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருந்தால் ரத்தம் சிதைந்துவிடும், முன்கூட்டி அறிய வழியில்லை. பிரசவம் வரை நோய் திரும்பாமலிருக்க வாரம் ஒருமுறை குளோரோகுயின் மாத்திரை தருவது உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஃபாத்திமா: ஆப்பிரிக்காவில் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் மாத்திரை தருகிறார்களாமே?

ஆமாம், கர்ப்பிணிகளுக்கு மலேரியா வராமல் தடுக்க. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் என்ற மருந்து, நான்காவது மாதத்திலிருந்து, ஒரு மாத இடைவெளியாவது விட்டு, குறைந்தது மூன்று முறை. கூடவே 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தால் மருந்தின் வேலை கெடும், 0.4 மில்லிகிராம் போதும். எச்ஐவி இருப்பதால் கோட்ரிமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கூடாது.

ரமேஷ்: காய்ச்சல் விட்டுவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா? மீதியை வைத்துக்கொள்ளலாமா?

கவிதாவுக்குச் சொன்னதுதான். மீதி என்று ஒன்று இருக்கவே கூடாது, முழுதும் முடியுங்கள்.

மாலா: குழந்தைக்கு மலேரியா மருந்து எத்தனை சொட்டு?

குழந்தை மருத்துவரைக் கேளுங்கள், இங்கே சொல்ல முடியாது.

அனிதா: கொசு கர்ப்பிணியைத்தான் தேடி வருமா?

காம்பியாவில் 2000இல் வெளியான ஆய்வில் கர்ப்பிணிகளிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு கொசு வந்தது. மூச்சு கூடுதலாக விடுகிறார்கள், வயிற்றுப் பக்கம் சூடு அதிகம். மலேரியா பரப்பும் அனோபிலஸ் கொசு பெரும்பாலும் இரவில்தான் கடிக்கும். மருந்து தோய்த்த வலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டுப் படுங்கள், இன்று இரவே.