அப்பச்சோடா குடித்தால் இரத்தத்தில் அமிலம் குறையுமா?

கேள்வி: டொக்டர், அம்மாவுக்கு 58 வயது, சீனியும் பிரஷரும் இருக்கு. "இரத்தம் அமிலமாகிவிட்டது, அதுதான் இந்த அலுப்பு" என்று வீடியோவில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு மாதமாகக் காலையில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறா. சிறுநீரைத் தாள் வைத்துப் பார்த்தால் காரம் என்று காட்டுது. தொடரலாமா? (கல்லடி வாசகர்)

பதில்: தம்பி, முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், விளக்கம் அப்புறம். அந்த ஒரு கரண்டியில் ஏறக்குறைய 1250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாள் முழுவதற்குமே 2000க்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர்காரர் சொதியில் உப்பைக் குறைத்துவிட்டு அதைக் கிளாசில் குடிக்கிற கதை இது.

சரி, அமிலத்துக்கு வருவோம். இரத்தத்தின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடு, அதற்கு மேலே காரம்) 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும், அதாவது இயல்பாகவே கொஞ்சம் காரப்பக்கம்தான். நிற்கும் என்றால் அசையாமல் இல்லை. நம் மட்டக்களப்பு வாவியில் மழைத்தண்ணீர் ஒரு பக்கத்தால் வந்து சேர, முகத்துவாரத்தால் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும், வரவும் போக்கும் ஒத்திருக்கும்வரை பாலத்தில் நின்று பார்க்கிற உங்களுக்கு மட்டம் மாறாத மாதிரியே தெரியும். இரத்தத்திலும் காபனீரொட்சைட்டு தண்ணீரோடு சேர்ந்து காபோனிக் அமிலமாகிறது, அது ஐதரசன் அயனாகவும் பைகாபனேற்றாகவும் பிரிகிறது, பிரிந்தது அதே நேரத்தில் திரும்பச் சேர்கிறது. அமிலம் கூடினால் பைகாபனேற்று அதைப் பிடித்துக் காபனீரொட்சைட்டாக்கிவிடும், நுரையீரல் அதைச் சில நிமிடங்களில் ஊதித் தள்ளும். (ஏ.எல்.லில் லெ சாட்லியர் தத்துவம், அதாவது சமநிலையைக் குலைத்தால் அது அந்தக் குலைப்பைக் குறைக்கிற பக்கம் நகரும் என்பதை, பாடமாக்கியவர்களுக்கு இது புரியும். ஆனால் அங்கே மூடிய போத்தல், உடம்போ இரண்டு பக்கமும் திறந்தது.) சிறுநீரகம் ஆறுதலாக, இரண்டு மூன்று நாள் எடுத்து மிச்சத்தைச் சரிசெய்யும்.

அம்மா குடிக்கிற சோடாவும் அதே பைகாபனேற்றுத்தான். கொஞ்சம் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து ஏவறையாகப் போகும், கூடினதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். தாள் காரம் காட்டுவது அதனால்தான், இரத்தம் மாறியதற்கு அது சாட்சியில்லை.

இரத்தத்தில் உண்மையிலேயே அமிலம் கூடி, பிஎச் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதும் உண்டு. சீனி கட்டுப்பாடில்லாமல் ஏறினால், அல்லது சிறுநீரகம் கெட்டால். வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேகமூச்சு, வாயில் பழுத்த பழ வாசம், மயக்கம் என்று வந்தால் சோடா தேடாமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். இப்போதைய அலுப்புக்குச் சீனி, ஹீமோகுளோபின், தைரொயிட், கிரியட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) நான்கையும் பார்க்க வேண்டும். போகும்போது கிளினிக் கொப்பியோடு, ஒரு மாதம் சோடா குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.