அப்பாவின் அறிக்கையில் 43: நானும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு 47 வயதில் கை கால்கள் தாமாக அசையத் தொடங்கின. மரபணுப் பரிசோதனையில், மூளை நரம்பணுக்களைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் என்று உறுதியானது. அறிக்கையில் ‘43’ என்று ஓர் எண் உள்ளது. எனக்கு வயது 28, திருமணப் பேச்சு நடக்கிறது. நானும் உடனே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: உடனே வேண்டாம். முதலில் அந்த எண் சொல்வதையும் சொல்லாததையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காம் குரோமோசோமில் உள்ள ஹண்டிங்டின் மரபணுவின் தொடக்கத்தில் சி-ஏ-ஜி என்ற டி.என்.ஏ. மூன்றெழுத்து அடுத்தடுத்துத் திரும்ப வருகிறது; எத்தனை முறை என்பதே அறிக்கையில் உள்ள எண். 1993இல் கண்டறியப்பட்ட உண்மை இது. அது 26 முறை வரை வந்தால் இயல்பு. 36 முதல் 39 வரை என்றால் சிலருக்கு நோய் வரும், சிலருக்கு வராது. 40ஐ எட்டிவிட்டால், இயல்பான ஆயுள் உள்ளவருக்கு நோய் வருவது ஏறத்தாழ உறுதி. ஆணானாலும் பெண்ணானாலும், தந்தையின் நீண்ட தொடர் உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. தந்தைவழி வரும்போது இந்தத் தொடர் இன்னும் நீளக்கூடும் என்பதால், உங்கள் எண் 43ஆகவே இருக்கும் என்றும் சொல்ல இயலாது.

ஆனால் அந்த எண் நோய் தொடங்கும் வயதைக் குறித்துக் கொடுப்பதில்லை. ரத்தத்தில் 43 என்று காணப்படும் அதே மனிதரின் மூளையில், குறிப்பாக அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஆழ்பகுதி நரம்பணுக்களில், அந்தத் தொடர் பல்லாண்டுகளாக மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகிறது. 2025இல் வெளியான அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக, பிராட் ஆய்வு நிறுவன ஆய்வாளர்களின் ஆய்வு, ஒரு நரம்பணுவில் அது ஏறத்தாழ 150ஐத் தாண்டிய பிறகே அந்த அணு சீர்குலையத் தொடங்குகிறது என்று காட்டியது. டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்யும் எம்எஸ்எச்3 போன்ற மரபணுக்களே இந்த நீட்சியை முடுக்குவதால், அவற்றை அடக்கும் வழிகளை ஆய்வாளர்கள் இப்போது தேடுகிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் முயற்சி இதுதான். எனினும், நோயையே நிறுத்தும் மருந்து இன்று வழக்கச் சிகிச்சையில் இல்லை. டெட்ராபெனசின் போன்றவை அசைவுகளை மட்டுமே குறைக்கின்றன.

அறிகுறி இல்லாதவர் பரிசோதனைக்கு முன் மரபணு ஆலோசகரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை சந்திப்பதும், நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும், முடிவை மின்னஞ்சலில் பெறாமல் நேரில் கேட்பதும் முறை. ரத்தம் கொடுத்த பிறகும் முடிவை வாங்காமல் விட உங்களுக்கு உரிமை உண்டு. ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால், அதைப் பரிசோதனைக்கு முன்பே ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ வற்புறுத்துவது போதிய காரணமாகாது. ஆனால் மணக்கப்போகிறவரிடம் தந்தையின் நோயைச் சொல்லிவிடுவது நல்லது. குழந்தை பற்றிய கவலைக்கும் வழி உண்டு: உங்கள் முடிவை உங்களுக்கே தெரிவிக்காமல், நோய்த்தொடர் இல்லாத கருவை மட்டும் தேர்ந்து கருப்பையில் வைக்கும் சோதனைக்குழாய் முறையைச் சில மையங்கள் செய்கின்றன, அதைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.