மழலையர் வகுப்பில் இந்த வாரம் எழுத்துக்கூட்டலும் 5-ஐப் பிரிப்பதும்: வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?

"வாசிப்பு: படம், மடம், பட்டம். கணக்கு: 5-ஐப் பிரித்தல்." பள்ளிக் குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது, இதில் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கச் சின்ன பாடம்தான். ஆனால் இந்த வயதில் மிக முக்கியமான இரண்டு வேலைகள் இதில் அடங்கியிருக்கின்றன.

முதலில் வாசிப்பு. ட, ப இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள், எழுதச் சுலபம். கூடவே ம வந்துவிட்டால் சில நாளிலேயே முழுச் சொல்லை வாசிக்கலாம். சிக்கல் கூட்டும்போதுதான் வரும். "ப... ட... ம்..." என்று சரியாகச் சொல்லிவிட்டு, என்ன சொல் என்று கேட்டால் குழந்தை விழிக்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடுவதால், மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் ஒலி மறந்துபோகிறது. சொல்லைத் தாளில் பெரிதாக எழுதி மூடிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் திறங்கள்: ப, பட, படம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சேர்த்தே சொல்ல வேண்டும்.

ம் என்பதை "இம்" என்று சொல்லிக் கொடுத்திருந்தால் வேறொரு தொல்லை. குழந்தை "ப, ட, இம்" என்று கூட்டும். அது படம் ஆகாது. கூட்டும்போது எழுத்தின் பெயர் வேண்டாம், ஒலி போதும்: உதட்டை மூடி "ம்" என்று நிறுத்தச் சொல்லுங்கள். புள்ளியைக் கவனிக்காமல் "படம" என்று முடித்தாலும் இதே வைத்தியம்தான்.

உண்மையிலேயே வாசிக்கிறதா, மனப்பாடமா என்று அறிய ஓர் எழுத்தை மட்டும் மாற்றுங்கள் அல்லது சேர்த்துவிடுங்கள். படம், மடம், மட்டம், பட்டம். மடத்தையும் "படம்" என்றால் முதல் எழுத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். பக்கத்தில் ஓவியம் இருந்தால் கையால் மறைத்துவிடுங்கள். அதைப் பார்த்து ஊகிப்பது வாசிப்பு அல்ல.

இனி கணக்கு. 5-ஐப் பிரித்தல் என்றால் வகுத்தல் அல்ல, ஐந்தை 2-ம் 3-ம் போல இரண்டு பகுதிகளாகப் பார்ப்பது. 100 வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு 5 எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஐந்து பொத்தான்களை வைத்து எண்ணச் சொல்லுங்கள். வாய் விரலைவிட வேகமாக ஓடினால் ஐந்து ஏழாகிவிடும். தொட்டு எண்ணுவதற்குப் பதில் ஒவ்வொன்றாக இன்னொரு பக்கம் நகர்த்தச் சொன்னால் விடுபடாது, இரட்டிப்பாகாது. எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அது பிடிபடும்வரை பிரித்தலுக்குப் போக வேண்டாம்.

பிறகு ஒரு கிண்ணம் எடுங்கள். குழந்தை கண்ணை மூடிக்கொள்ளட்டும். சில பொத்தான்களைக் கவிழ்த்த கிண்ணத்துக்குள் மறைத்துவிடுங்கள். வெளியே 3. உள்ளே எத்தனை? பெரும்பாலும் வெளியே தெரிவதையே எண்ணி "மூன்று" என்று சொல்லும், அல்லது "ஐந்து" என்று மொத்தத்தைச் சொல்லும். திருத்தாமல் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டுங்கள். தடுமாறினால் மொத்தத்தை 3 ஆகக் குறையுங்கள். விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். 5-க்கு ஆறு பிரிவுகள் உண்டு: 0-5, 1-4, 2-3, 3-2, 4-1, 5-0. காலிக் கிண்ணம்தான் கடினம், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறி, சமக்குறி எதுவும் இப்போது தேவையில்லை. 2, 3, 5-ஐ இடவலம் மாற்றி எழுதினால் கவலை வேண்டாம், இந்த வயதில் அது சாதாரணம்.

வாசிப்புக்கு ஐந்து நிமிடம், கணக்குக்கு ஐந்து நிமிடம் போதும். குழந்தை நெளியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.