மனித உரிமைப் பயிற்சியும் தோட்டப்புற இளையோரும்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): ஐயா, முன்னாள் மாணவர்களுக்கு மனித உரிமைப் பயிற்சி நடத்தவிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வணக்கம் ஆசிரியை. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தை முதல் நாளே மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரு பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கையில் கொடுத்துத் தொடங்குங்கள். தோட்டத்துக் கோயிலில் ஊரறியத் தாலி கட்டியவர்கள் திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், பிறப்பு, திருமணங்களைப் பதியும் அரசுத் துறையான பதிவிலாகா அவர்களின் பிள்ளையைத் திருமணத்திற்கு வெளியே பிறந்ததாகவே கருதும். அப்படிப்பட்ட பிள்ளையின் குடியுரிமை தாயைச் சார்ந்தது என்று கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுவதால், தாய்க்கு மலேசியக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாவிட்டால், தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளை குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க நேரிடுகிறது. பத்திரத்தில் தந்தையின் விவரத்திற்குரிய இடம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று பயிற்சிக்கு வந்தவர்களே கேட்டு, அதற்குரிய சட்டத்தைத் தேடிப் படிக்கட்டும். அதன்பின் உலகப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவை, அதாவது ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமையை வாசித்தால், அது எங்கோ எழுதப்பட்ட வாசகமாகத் தோன்றாது.

கேள்வி (கோயில் இளைஞர் பிரிவுச் செயலாளர்): இது அரசியல் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள், ஐயா.

பதில்: அவர்களின் அச்சத்தை மதித்து, சட்டத்தையே காட்டுங்கள். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் நாடாளுமன்றம் இயற்றிய 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. மனித உரிமை விழிப்புணர்வையும் கல்வியையும் வளர்ப்பது அதன் பணிகளுள் ஒன்று.

கேள்வி (கல்லூரி மாணவர்): நாமே சிறுபான்மையினர். அந்நியத் தொழிலாளர் பிரச்சினையும் நம் பயிற்சியில் எதற்கு, ஐயா?

பதில்: தம்பி, நம் பாட்டன் பாட்டி குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் வசிக்கிறார்கள். தண்ணீர் வராத குழாயும் ஒழுகும் கூரையும் நம்மவர்க்கு அநீதி என்றால் அவர்களுக்கும் அநீதியே. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் நாடு பார்த்துப் பாதுகாப்பளிப்பதில்லை. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவும் சட்டத்தின் முன் எல்லோரையும் சமமாகவே வைக்கிறது. நமக்கு மட்டும் உரிமை கேட்கப் பழகிய இளைஞரை நான் தலைவராகக் கருதமாட்டேன். நம் வட்டாரத்துத் தெமியார் பூர்வகுடி இளையோரையும் அழையுங்கள். நில உரிமை பற்றி அவர்களிடம் நாம் கற்க வேண்டியவை ஏராளம்.

கேள்வி (இல்லத்தரசி): மேடையில் நன்றாகப் பேசும் பிள்ளைகளைத்தானே அனுப்ப வேண்டும்?

பதில்: இல்லை, அம்மா. பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக் குறிப்பெடுப்பவரும், மலாய் மொழியில் பிழையின்றிக் கடிதம் எழுதுபவரும் மிகவும் தேவை. பெண்பிள்ளைகள் பாதிப் பேராவது இருக்கட்டும்.

கேள்வி (அதே ஆசிரியை): ஒரு வார இறுதி போதுமா?

பதில்: அது அறிமுகத்திற்கு மட்டுமே போதும். மனித உரிமைக் கல்வி பற்றிய ஐ.நா.வின் 2011ஆம் ஆண்டுப் பிரகடனம், உரிமைகளை அறிவதோடு அவற்றைப் பயன்படுத்தும் ஆற்றலையும் கல்வியின் பகுதியாகவே கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு இருவரிடமும் ஒரு குடும்பத்தின் பத்திர விண்ணப்பத்தை ஒப்படையுங்கள். குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, அவர்களுடன் பதிவிலாகாவுக்குச் சென்று, கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகலும் ரசீதும் கோப்பில் சேர்த்து, மாதம் ஒருமுறை கூட்டத்தில் விளக்கட்டும். அந்தக் குடும்பத்தின் பெயரைக் கூட்டத்திலோ புலனத்திலோ (வாட்ஸ்அப்) வெளியிடக் கூடாது என்பதை முதல் நாளே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.