கண் மருத்துவக் குழுவில் ஃபிசிஷியன் அசோசியேட்: கேள்வி பதில்

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் கண் பிரிவுக்கு ஃபிசிஷியன் அசோசியேட்களை எடுப்பது பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கான விடைகள் இவை.

கேள்வி: இவர்கள் மருத்துவர்களா?

பதில்: இல்லை. பட்டப்படிப்புக்குப் பின் பொதுவாக 2 ஆண்டு முதுநிலைப் பயிற்சி பெற்று, மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்றுபவர்கள். 2024 டிசம்பர் முதல் பொது மருத்துவ கவுன்சில் இவர்களை ஒழுங்குபடுத்தி வருகிறது.

கேள்வி: ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி பரிந்துரைப்பவர்), ஆர்த்தாப்டிஸ்ட் (மாறுகண், கண் அசைவுக் கோளாறுகளைக் கவனிப்பவர்), கண் செவிலியர் எனப் பலர் இருக்கும்போது இவர்கள் எதற்கு?

பதில்: நியாயமான கேள்வி. ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கியால் கண்ணைப் பார்க்கும் பரிசோதனையிலும் கண் அழுத்தம் பார்ப்பதிலும் அவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கண்ணுக்குள் ஊசியே போடுகிறார்கள். அந்த வேலைக்குப் புதியவரை அமர்த்துவது வீண் என்பதே என் கருத்து. ஃபிசிஷியன் அசோசியேட் கற்றுவருவது பொது மருத்துவம். ஆகவே கண்ணைத் தாண்டி உடலைப் பார்க்க வேண்டிய இடங்களில்தான் அவரால் பயன் உண்டு. கண்புரை அறுவைக்கு வரும் முதியவர் புராஸ்டேட் தொல்லைக்காக டாம்சுலோசின் சாப்பிடுகிறார் என்றால், அறுவையின்போது கருவிழிப்படலம் தளர்ந்து கண்மணி சுருங்கிவிடக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே கேட்டறிந்து அறுவை மருத்துவருக்குத் தெரிவிப்பது பெரிய உதவி. யூவியைட்டிஸ் என்ற கண் உள் அழற்சிக்காக மெத்தோட்ரெக்சேட் என்ற நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தை எடுப்பவர்களின் ரத்த அணு எண்ணிக்கையையும் கல்லீரல் தொடர்பான ரத்தப் பரிசோதனை அளவுகளையும் தவணை தவறாமல் கண்காணிப்பதும் அத்தகையதே.

கேள்வி: மருந்து எழுதித் தர முடியுமா?

பதில்: முடியாது. எக்ஸ்ரே, சி.டி. கேட்டு எழுதவும் அனுமதியில்லை. யூவியைட்டிஸுக்குத் தரப்படும் அடாலிமுமாப் ஊசியைத் தொடங்குமுன் காசநோய் இல்லையென உறுதிசெய்ய மார்பு எக்ஸ்ரே வேண்டுமானால், விவரங்களை எல்லாம் திரட்டியவர் இவரேயானாலும், கோரிக்கையில் கையெழுத்திட வேறொருவரைத் தேடிப் போக வேண்டும். கண்மணியை விரிக்கும் ட்ரோபிகமைடு சொட்டுக்கும், செவிலியர்கள் பின்பற்றும் பொது மருந்தாணை (தனித்தனி மருந்துச் சீட்டு இல்லாமல் மருந்து தர முன்கூட்டியே எழுதிவைத்த அனுமதி) இவருக்குப் பொருந்தாததால், அந்த நோயாளியின் பெயரிலேயே உத்தரவு வேண்டும். இந்த ஏற்பாடுகளைச் செய்யாமல் ஆளை எடுத்தால், மருத்துவரின் வேலை குறைவதற்குப் பதிலாகக் கூடும்.

கேள்வி: கண் அவசரப் பிரிவில் முதல் பரிசோதனையை இவர்களிடம் விடலாமா?

பதில்: கூடாது. இவர்களின் பணி குறித்து அரசு கேட்டபடி பேராசிரியர் ஜில்லியன் லெங் தயாரித்து 2025 ஜூலையில் வெளியான ஆய்வறிக்கை, தேசிய அளவில் தெளிவாக வகுத்த நெறிமுறைகளுக்கு உட்பட்டே தவிர, நோய் இன்னதென்று கண்டறியப்படாதவர்களை இவர்கள் பார்க்கக் கூடாது என்றும், பெயரையே ‘ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்’ என மாற்ற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சிவந்த கண்ணுடன் வருபவருக்கு இருப்பது சாதாரணக் கண்வலியா, சில மணி நேரத்தில் பார்வையைப் பறிக்கக்கூடிய கடுங்கிளாக்கோமாவா (கண் அழுத்தம் திடீரென உயரும் நோய்) என்று பிரித்தறியும் பொறுப்பு, கண் மருத்துவத்தில் பயின்றவரிடமே இருக்க வேண்டும்.